வட்டத்தை விட்டு வெளியே வந்தவர்: லூயி கார்ட்டியர்



கைக்கடிகாரம் என்றதும் உங்கள் மனதில் வருவது வட்டம்தானே? முள் சுற்றுவது வட்டம், பல்சக்கரங்களும் வட்டம். அதனால் கூடும் வட்டமாக இருப்பதே இயல்பு. அப்படியிருக்க, சதுரம், செவ்வகம், ஆமை ஓடு, மணி என்று விதவிதமான வடிவங்களை சேகரிப்பாளர்கள் ஏன் தேடி அலைகிறார்கள்? பதில் வேண்டுமானால் லூயி கார்ட்டியரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லூயி 1875-ல் பாரிஸில் பிறந்தார். தாத்தா 1847-ல் தொடங்கிய நகை வியாபாரம்தான் குடும்பத் தொழில். 1898-ல் லூயி தன் அப்பா ஆல்பிரட்டுடன் கூட்டாளியானார். மறு ஆண்டே கடை பாரிஸின் பெரும் பணக்காரர்கள் வந்துபோகும் ரூ டி லா பே தெருவுக்கு மாறியது. பின்னாளில் தம்பி பியர் நியூயார்க் கடையையும், இளைய தம்பி ஜாக் லண்டன் கடையையும் பார்த்துக்கொண்டார்கள். 1911 டில்லி தர்பாருக்காக இந்தியா வந்து நம் மகாராஜாக்களைச் சந்தித்தவர் இந்த ஜாக்தான்.

ஒன்றை கவனியுங்கள். லூயி கடிகாரம் செய்யத் தெரிந்தவர் அல்ல. நகை வடிவமைப்பில் ஊறியவர். அதுவே அவருக்கு பலமானது. அந்தக் காலத்தில் ஆண்கள் வைத்திருந்தது பாக்கெட் கடிகாரம். கையில் கட்டுவதைப் பெண்களின் ஆபரணமாகவே நினைத்தார்கள். லூயியின் நண்பர், பிரேசிலைச் சேர்ந்த விமானி ஆல்பர்டோ சாண்டோஸ் டூமாண்டுக்கோ பறக்கும்போது இரண்டு கைகளும் வேலையாக இருக்கும். பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பார்க்க முடியாது. அவருக்காக 1904-ல் லூயி ஒரு சதுரக் கைக்கடிகாரம் செய்து கொடுத்தார். 1911-ல் அது கடையில் விற்பனைக்கும் வந்தது.

பிறகு பீப்பாய் வடிவம், ஆமை வடிவம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1917-ல், முதல் உலகப் போர் நடக்கும்போது, 'டேங்க்' பிறந்தது. பீரங்கி வண்டியை மேலிருந்து பார்த்தால் இரு பக்கமும் சங்கிலிப் பட்டைகள் தெரியும் அல்லவா? அதுபோல இரண்டு நேர்ப் பட்டைகள், நடுவில் முகப்பு. அந்தப் பட்டைகளே நீண்டு தோல் வாரைப் பிடித்துக்கொள்ளும். கூடு எங்கே முடிகிறது, வார் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கு உறுத்தாது. 1919-ல் விற்பனைக்கு வந்தவை ஆறே ஆறு.

இது எளிதான வேலை அல்ல. ஒல்லியான கூட்டுக்குள் அடங்கும் இயந்திரம் வேண்டும். அதற்காகவே எட்மண்ட் ஜேகர் என்ற கடிகார நிபுணருடன் 1907-லேயே ஒப்பந்தம் போட்டிருந்தார் லூயி. வட்டக் கூட்டின் மூடியைத் திருகி இறுக்கலாம். செவ்வகத்தில் அது முடியாது. தண்ணீர், தூசி புகாமல் காப்பதும் கடினம். விளிம்பு, மூலை எல்லாம் கையால் தேய்த்து எடுக்க வேண்டியவை. அதனால் குறைவாகவே செய்தார்கள். சேகரிப்பாளர்களை இழுப்பது இந்த அருமைதான். அதோடு, பெயரைப் படிக்காமலே தூரத்திலிருந்து அடையாளம் தெரியும் முகம்.

லூயியின் கடைசிக் காலம் அமைதியாக இல்லை. இரண்டாம் உலகப் போர் அவரை ஐரோப்பாவை விட்டுக் கிளம்ப வைத்தது. 1941-ல் ஜாக் இறந்தார். 1942-ல் நியூயார்க்கில் லூயியும் காலமானார். அவர் ஊன்றிய விதை நிற்கவில்லை. 1967-ல் ஜாக்கின் மகன் நடத்திய லண்டன் கிளையில், உருகி வழிந்ததுபோன்ற 'கிராஷ்' கடிகாரம் வந்தது. அதில் ஒன்று 2022-ல் ஏலத்தில் சுமார் 15 லட்சம் டாலருக்குப் போனது!

நம்மில் பலரிடம் கார்ட்டியர் இருக்காது. ஆனால் தாத்தாவோ அப்பாவோ கட்டிய பழைய சதுர, செவ்வகக் கடிகாரம் ஏதாவது பீரோவில் கிடக்கலாம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும், பழுது பார்க்கக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: கூட்டுக்கு பாலிஷ் வேண்டாம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மூலைகள் மழுங்கும்; போன மூலை திரும்ப வராது. கீறல் இருந்தால் இருக்கட்டும். அது அதைக் கட்டியிருந்தவரின் கை பட்ட அடையாளம்தானே!