துப்பாக்கிப் போட்டிக்குப் பெயர் தந்த இளம் மன்னர்

இங்கிலாந்தின் பிஸ்லி திடலில் ஆண்டுதோறும் ஜூலை மாதம் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடக்கின்றன. பல நாட்டு அணிகள் மோதும் அவற்றுள் ஒன்றின் பெயர் ‘கோலாப்பூர்’. மகாராஷ்டிர மாநிலத்துக் கோல்ஹாப்பூர்தான் அது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர், 20 வயதில் மறைந்த மன்னர் ராஜாராம்.

1850ல் பிறந்த அவரது இயற்பெயர் நாகோஜிராவ். கோல்ஹாப்பூர் அரச குடும்பம் அவரைத் தத்தெடுத்து 1866ல் அரியணையில் அமர்த்தியது. சத்ரபதி சிவாஜியின் போன்ஸ்லே குலம் அது. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த சரபோஜி மன்னரும் அதே குலத்தவர் என்பது நம்மில் பலர் கவனிக்காத உறவு.

கடல் கடந்தால் ஆசாரம் கெடும் என்று பெரியவர்கள் அஞ்சிய காலத்தில், 1870ல் ராஜாராம் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். விக்டோரியா அரசியாரைச் சந்தித்தார். அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் ஆங்கிலத்தில் நாட்குறிப்பாக எழுதினார். இருபது வயதுக்காரர் ஒருவர் அந்நிய மொழியில் விடாமல் எழுதினார் என்பதே வியப்புதான்.

அந்நாளில் பிரிட்டனில் துப்பாக்கி சுடுவது மக்கள் திரண்டு பார்க்கும் விளையாட்டு. 1859ல் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தொடங்கியது. மறு ஆண்டு லண்டனை அடுத்த விம்பிள்டன் வெளியில் நடந்த முதல் போட்டியைத் தொடக்கிவைத்தவர் விக்டோரியா அரசியார். தாங்கியில் பொருத்திய துப்பாக்கியின் விசையை அவர் ஒரு கயிற்றால் இழுத்தார். 400 கெஜம் தள்ளியிருந்த இலக்கின் நடுப்பகுதியில் குண்டு பாய்ந்தது. சிங்கப்பூரிலோ 1854லேயே தொண்டூழியத் துப்பாக்கிப் படை உருவாகியிருந்தது.

ராஜாராம் ஊர் திரும்பவில்லை. ஐரோப்பா வழியாகத் திரும்பும்போது நோயுற்று, 1870 நவம்பர் 30ஆம் தேதி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் காலமானார். உடலை எரிக்கும் வழக்கம் அங்கு இல்லை. ஆனால் இந்து முறைப்படி தகனம் செய்ய வேண்டும், அதுவும் இரு நதிகள் கூடும் இடத்தில். பிரிட்டிஷ் தூதர் தலையிட்டார். நகர நிர்வாகம் சிறப்பு அனுமதி தந்தது. ஆர்னோ ஆறும் முன்யோனே ஆறும் சேரும் இடத்தில், இரவில் சிதை மூட்டப்பட்டது. கூட இருந்த பரிவாரத்தினருக்கு அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும்!

கோல்ஹாப்பூர் ராஜாவின் கோப்பை போட்டிக்கு வந்தது 1871ல். அதைப் பார்க்க அவர் இல்லை. பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் மோதிய அந்தக் கோப்பையை 1872ல் கனடா வென்றது. கடல் தாண்டிய போட்டிகளுக்கு மவுசு கூடியது. 1874ல் அயர்லாந்து அணி நியூயார்க்கின் கிரீட்மோர் திடலுக்குச் சென்று 934க்கு 931 என்ற கணக்கில் அமெரிக்காவிடம் தோற்றது. அயர்லாந்து வீரர் ஒருவர் பக்கத்து இலக்கின் மையத்தைக் கச்சிதமாகச் சுட்டதும் அன்றுதான்! 1876ல் ‘பால்மா’ போட்டி பிறந்தது.

1890ல் போட்டிகள் விம்பிள்டனிலிருந்து பிஸ்லிக்கு மாறின. கோலாப்பூர் போட்டியில் அணிக்கு எட்டுப் பேர். 300, 500, 600 கெஜத்திலிருந்து ஒவ்வொருவரும் பத்துப் பத்துக் குண்டுகள் சுடவேண்டும். முழுப் புள்ளி 1,200. 600 கெஜம் என்பது ஏறத்தாழ 549 மீட்டர். ஆங் மோ கியோவில் உள்ள இயோ சூ காங் விளையாட்டரங்கின் 400 மீட்டர் ஓடுபாதையை ஒரு சுற்று ஓடி, மேலும் 149 மீட்டர் போனால் அந்தத் தூரம் வரும். அவ்வளவு தூரத்தில் கை நடுக்கத்தைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. கொடி அசைவதைப் பார்த்துக் குறியை நகர்த்த வேண்டும்.

ராஜாராமின் நாட்குறிப்பு 1872ல் லண்டனில் நூலாக வெளிவந்தது. அவரைத் தகனம் செய்த இடத்தில் 1874ல் நினைவு மண்டபம் எழுந்தது. அருகே 1978ல் திறந்த பாலத்தை ஃபுளோரன்ஸ் மக்கள் ‘இந்தியர் பாலம்’ என்கிறார்கள். அந்த இந்தியர் யார் என்று கேட்டால், வண்டியோட்டிச் செல்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!