கல்பனா சாவ்லாவுக்கும் ஹப்பிள் தொலைநோக்கிக்கும் என்ன தொடர்பு? நழுவிய செயற்கைக்கோள் முதல் கொலம்பியா விபத்து வரை!

ஆகஸ்ட் 15 அன்று காலையில் டி.வி. போட்டால், அம்பத்தூரோ ஆவடியோ பூந்தமல்லியோ, எல்லா வீட்டிலும் கேட்கும் பெயர் இது. சென்னை கோட்டையில் நடக்கும் சுதந்திர தின விழாவில், துணிச்சலான பெண்களுக்குத் தமிழக அரசு வழங்குவது கல்பனா சாவ்லா விருது. விண்வெளிக்குப் போனார், விபத்தில் இறந்தார் என்ற அளவில்தான் பலருக்கும் அவரைத் தெரியும். ஆனா, அவர் மீது ஒரு பழி விழுந்ததும், அவர் உயிரைப் பறித்த விபத்தால் ஹப்பிள் தொலைநோக்கியே முடங்கப் பார்த்ததும் அதிகம் பேசப்படாத கதை.

யார் இந்த கல்பனா?

ஹரியானாவின் கர்னாலில் பிறந்தவர். 1982-ல் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் முடித்து அமெரிக்கா சென்றார். 1988-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், அதே ஆண்டில் நாசா ஆய்வு மையத்தில் வேலை. 1994 டிசம்பரில் விண்வெளி வீராங்கனையாகத் தேர்வானார்.

1997-ல் நடந்தது என்ன?

அந்த ஆண்டு நவம்பர் 19-ம் தேதி கொலம்பியா விண்கலத்தில் முதல் பயணம். விண்கலத்தின் ரோபோ கையை இயக்குவது கல்பனாவின் முக்கியப் பொறுப்பு. சூரியனை ஆராயும் தொலைநோக்கிகள் கொண்ட ஸ்பார்ட்டன் என்ற செயற்கைக்கோளை அந்தக் கையால் வெளியே விட்டார். எடை சுமார் 1,360 கிலோ. விட்டதும் அது தானாகத் திரும்பிக் காட்டணும். ஆனா அசையவே இல்லை. மறுபடி பிடிக்கப் போனபோது பிடி கிடைக்காமல், அது சுழல ஆரம்பிச்சிருச்சு.

மூன்று நாள் கழித்து வின்ஸ்டன் ஸ்காட், தக்காவோ டோய் இருவரும் விண்வெளியில் இறங்கி வெறும் கைகளாலேயே அதைப் பிடித்து மீட்டனர். சூரிய ஆய்வு நடக்காமல் போனது. பழி கல்பனா மீது விழுந்தது. ஆனால் மென்பொருள் அமைப்பிலும், வீரர்களுக்கும் தரைக்கட்டுப்பாட்டுக்கும் வகுத்த நடைமுறைகளிலும் குறை இருந்ததை நாசா விசாரணை கண்டறிந்தது. அவருக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைத்தது.

ஹப்பிள் எங்கே வருகிறது?

1990-ல் ஏவப்பட்ட ஹப்பிளின் கண்ணாடியில் குறை இருந்ததால் படங்கள் மங்கலாக வந்தன. 1993-ல் வீரர்கள் நேரில் போய்ச் சரிசெய்தனர். ரோபோ கை தொலைநோக்கியைப் பிடித்து நிறுத்தும், வீரர்கள் வெளியே இறங்கி பாகங்களை மாற்றுவார்கள். அதான் முறை. 2002 மார்ச்சில் புது கேமரா, புது சோலார் பேனல் பொருத்திவிட்டு வந்தது கொலம்பியா. அதன் அடுத்த பயணத்தில் ஏறியவர்தான் கல்பனா.

2003 ஜனவரி 16 அன்று புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியில் இருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. 16 நாள்கள், சுமார் 80 ஆய்வுகள். பிப்ரவரி 1-ம் தேதி திரும்பும்போது அந்தச் சேதம் வழியாக வெப்பம் உள்ளே புகுந்தது. தரையிறங்க 16 நிமிடம் இருந்தபோது விண்கலம் சிதறியது. 7 பேரும் உயிரிழந்தனர்.

ஹப்பிளை ஏன் கைவிடப் பார்த்தார்கள்?

சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் விண்கலத்தில் சேதம் என்றால், வீரர்கள் அங்கேயே தங்கிக்கொள்ளலாம். ஹப்பிளின் பாதையில் இருந்து அங்கே போக முடியாது. அதனால் கடைசிப் பழுதுபார்ப்பை 2004 ஜனவரியில் நாசா ரத்து செய்தது. பேட்டரியும் திசைகாட்டும் கருவிகளும் தேய்ந்தால் ஹப்பிள் கதை முடிஞ்சது. விஞ்ஞானிகளும் மக்களும் எதிர்ப்புத் தெரிவிக்க, 2006-ல் முடிவு மாறியது.

2009 மே மாதம் அட்லாண்டிஸ் கிளம்பியது. ஆபத்து வந்தால் மீட்க, எண்டெவர் விண்கலம் இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நின்றது. மேலே போனதும் ரோபோ கையில் பொருத்திய சென்சார்களால் இறக்கைகளைச் சோதித்தனர். கொலம்பியாவுக்கு நடக்காத சோதனை அது. பிறகு மேகன் மெக்ஆர்தர் அதே ரோபோ கையால் ஹப்பிளைப் பிடித்துக் கொடுக்க, ஐந்து முறை வெளியே இறங்கி வீரர்கள் பழுது நீக்கினர்.

அதுக்கப்புறம் யாரும் ஹப்பிளிடம் போனதில்லை. அன்று மாற்றிய பாகங்களோடுதான் இன்றும் அது படம் அனுப்பிக்கொண்டிருக்கிறது.