பழி சுமந்த தத்துவ போதகர்



யூபிலி மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நோபிலி சுவாமியே நம் நினைவுக்கு வந்தார். அவரது தமிழ்த் தொண்டை யாவரும் புகழ்வர். அவர் சுமந்த பழியை அறிந்தோர் சிலரே.

1577-இல் ரோமையில் உயர்குடியிற் பிறந்த இவர், சேசு சபையிற் சேர்ந்து, 1605-இல் கோவா வந்திறங்கி, 1606-இல் மதுரை அடைந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாந்தஸ் சுவாமி பரதவக் கிறிஸ்தவர்களைப் பல்லாண்டுகளாகப் பேணி வந்தார். ஆனால் மதுரை மக்களோ வேதத்திற்கு வரவில்லை. வேதத்திற் சேர்வதென்றால் பரங்கியாவது என்றே அவர்கள் எண்ணினர். இதைக் கண்ட நோபிலி காவி உடுத்தார்; பாதக்குறடு அணிந்தார்; புலால் நீக்கி ஒருவேளை மட்டும் உண்டார்; தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். தேவாரப் பாடல் பெற்ற சிவாலயத்தின் அருகில் வாழும் தருமபுரத்தாராகிய நமக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. அயலாரின் சமய மொழி அறியாமல் அவர்களோடு இறைவனைப் பற்றி எப்படிப் பேசுவது?

பலன் கிடைத்தது; பழியும் கூடவே வந்தது. 1610-இல் பெர்னாந்தஸ் சுவாமியே மேலிடத்திற்கு முறையிட்டார். அவரைக் கெட்டவராக எண்ணிவிட வேண்டாம். முன்னாள் போர்வீரர், உழைப்பாளி. ஒரே ஊரில் வேறொரு மதத்தார்போல் இளையவர் ஒதுங்கி வாழ்ந்தது அவர் நெஞ்சைப் புண்படுத்தியது. மதுரையில் சிலர் நோபிலியை வேடமிட்ட பரங்கி என்றனர். கோவாவில் பலர் அவர் புறமதத்தில் விழுந்துவிட்டார் என்றனர். உறவினரான கர்தினால் பெல்லார்மினுங்கூட அவ்வதந்தியை நம்பிக் கண்டித்து எழுதினார். வேற்றார் பழிப்பதைத் தாங்கலாம். சொந்த இரத்தம் பழிப்பதுதான் கொடிது.

நோபிலி வாய் மூடியிருக்கவில்லை. கேட்டவர்களுக்கு லத்தீனில் நீண்ட விளக்கங்கள் எழுதினார். பூணூலும் குடுமியும் விடாத புதுக் கிறிஸ்தவர்கள்மேல் எழுந்த குற்றச்சாட்டுக்குத் தாமே முன்னின்று பதில் கூறினார். ஆயினும் மேலிடத்தார் விதித்த கட்டுப்பாடுகளுக்கு அடங்கினார். சபையை விட்டு விலகவில்லை. 1619-இல் கோவாவில் கூடிய அவையிற் பெரும்பாலோர் அவருக்கு எதிராகவே நின்றனர். 1623 ஜனவரி 31-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார், மூடநம்பிக்கை கலவாத முறையில் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை அனுமதித்தார். முறையீடு எழுந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. உண்மை அறிந்தபின் அவருக்குத் துணைநின்ற பெல்லார்மின் அதற்கு முன்பே, 1621-இல், இறைவனடி சேர்ந்திருந்தார்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறோம். முன்பு ஒரு பங்கில் கட்டடக் கணக்குப் பற்றி நம்மேல் பழி எழுந்தது. கணக்கு சரியாகவே இருந்தது. அதைப் பங்குப் பேரவையில் காட்டியிருந்தால் போதும். நாமோ அடுத்த ஞாயிறே பிரசங்க மேடையில் பெயர் சொல்லாமல் ஆளைச் சுட்டிப் பேசினோம். அந்தக் குடும்பம் ஓராண்டு கோவிலுக்கு வரவில்லை. நோபிலியின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஞாயிறுதான் நம் கண்முன் நிற்கிறது.

அவர்மேல் வந்த பழி யாவும் பொய்யென்றும் நாம் சொல்லோம். சாதி வேற்றுமையை வெறும் நாட்டு வழக்கமென அவர் ஏற்றுக்கொண்டது, கோவிலுக்குள்ளும் கல்லறையிலும் பிரிவினை நிலைக்க இடந்தந்தது. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை என்பதைக் குத்துவிளக்கேற்றிப் பொங்கல் திருப்பலி காணும் நாம் மறைக்கலாகாது.

முதுமையில் அவர் மதுரையை விட்டு யாழ்ப்பாணத்திற்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அந்நிலையிலும் துறவியின் எளிய உணவை விடாமல், தம் நூல்களைத் திருத்துவதில் நாட்களைக் கழித்தார். 1656 ஜனவரி 16-இல் அங்கேயே உயிர் நீத்தார்.