மணல் சொன்ன கணக்கு

வாழப்பாடிப் பகுதியில் கிணறு வெட்டுவோர் ஒன்றை நன்கு அறிவர். ஒரே ஆழத்திற்குத் தோண்டினும் ஒரு கிணறு விரைந்து ஊறும். அடுத்த தோட்டத்துக் கிணறோ இரவெல்லாம் காத்திருந்தும் நிறையாது. நிலத்தினுள் நீர் நகரும் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் விதியை உலகிற்கு வழங்கியவர் ஹென்றி டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர்.

பிரான்சு நாட்டின் டிஜான் நகரில் 1803ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் டார்சி பிறந்தார். பதினான்காம் வயதில் தந்தையை இழந்தார். கைப்பொருள் சுருங்கிய நிலையிலும் தாயார் அவரது கல்வியைக் கைவிடவில்லை. பாரிசில் பொறியியல் பயின்ற டார்சி, பிறந்த ஊருக்கே அரசுப் பொறியாளராகத் திரும்பினார்.

அந்நாளில் டிஜான் மக்கள் மாசுற்ற நீரையே பருகினர். நகரில் தோண்டிய ஆழ்துளைக் கிணறும் போதிய நீர் தரவில்லை. டார்சி ரோசுவார் ஊற்றிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிற்கு மூடிய கால்வாய் அமைத்தார். 1840இல் நீர் நகரை அடைந்தது. எந்திரத்தின் துணையின்றி, நிலத்தின் சரிவு ஒன்றினாலேயே தெருக் குழாய்களில் அது பாய்ந்தது. இப்பணிக்கு அளிக்க முன்வந்த பெருந்தொகையை டார்சி ஏற்கவில்லை. பொற்பதக்கத்தையும், வாழ்நாள் முழுதும் தம் இல்லத்திற்குக் கட்டணமில்லாக் குடிநீரையும் மட்டுமே பெற்றுக்கொண்டார்.

அத்தகையவரையும் அரசியல் விட்டுவைக்கவில்லை. 1848ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து அவர் டிஜானிலிருந்து அகற்றப்பட்டார். பின்னர்ப் பாரிசு நகரின் நீர்ப்பணிகளுக்குப் பொறுப்பேற்றார். உடல்நலம் குன்றவே அப்பொறுப்பிலிருந்து விலகி ஆய்வில் முனைந்தார். பதவியில் இருந்திருப்பின் இந்த ஓய்வு அவருக்குக் கிட்டியிராது.

1855இல் டிஜான் மருத்துவமனை ஒன்றின் முற்றத்தில் அவரது ஆய்வு நடந்தது. நிமிர்ந்து நின்ற இரும்பு உருளையில் மணலை நிரப்பி, மேலிருந்து நீரைச் செலுத்தினார். மேலும் கீழும் நீரழுத்தத்தை அளந்தார். மணற்படுகையின் குறுக்குப் பரப்பும் இரு முனைகளின் நீர்மட்ட வேறுபாடும் கூடக்கூடப் பாயும் நீர் பெருகியது. படுகையின் நீளம் கூடக்கூடக் குறைந்தது. மணலின் தன்மைக்கேற்ப ஒரு மாறிலியும் கிடைத்தது. நீர்வடிகட்டிகளை அமைக்கும் நோக்குடன் செய்த இவ்வாய்வை 1856இல் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில் அவர் சேர்த்தார். புகழ்பெற்ற விதி பிற்சேர்க்கையில் பிறந்தது வியப்பே.

1858ஆம் ஆண்டு ஜனவரியில் டார்சி மறைந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டி வெற்றி கண்டார். பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அது மணற்கல்லின் நுண்துளைகளில் அடைபட்டுள்ளது. கிணற்றில் அழுத்தம் குறையும்போது சுற்றிலுமிருந்து மெல்ல ஊர்ந்து வருகிறது. எண்ணெயின் பிசுபிசுப்பு மிகுந்தால் வரத்துக் குறையும். நீரும் வளியும் உடன் வந்தால் ஒன்று மற்றொன்றின் வழியை அடைக்கும். இவற்றையும் சேர்த்துக் கணக்கிட, டார்சியின் விதியைப் பின்வந்தோர் விரித்தனர். 1930களில் பாறையின் ஊடுருவவிடும் திறனை அளக்கும் அலகிற்கு டார்சி எனப் பெயரிட்டனர். காவிரிப் படுகையின் நரிமணம் எண்ணெய் வயலில் பாறைத்துண்டை ஆயும் பொறியாளரும் அவ்வலகிலேயே கணக்கிடுகின்றார்.