கல்லைப் படித்த துரை

இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதணும்னு சமூக அறிவியல் டீச்சர் சொன்னாங்க. எல்லாரும் காந்தித் தாத்தா, பாரதியார், அப்துல் கலாம் ஐயான்னு எடுத்துக்கிட்டாங்க. நான் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரை எடுத்துக்கிட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். எந்த ஊரில் என்ன பாறை இருக்கு, அதில் என்ன தாது இருக்கு என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வரைபடம் போடுவதுதான் அவர் வேலை. நம்ம தமிழுக்கும் அவருக்கும் ஒரு உறவு உண்டு. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு வேலை செய்தவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டவர்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய செய்தி வந்தது. பிரான்ஸ் நாட்டில் சோம் ஆற்றங்கரையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்பு கிடந்த அதே மண் அடுக்கில் மனிதன் செதுக்கிய கற்களும் கிடைத்தன. 1859-இல் இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து அது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் ஃபூட் படித்திருந்தார். அதனால் எங்கே போனாலும் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டே நடந்தார்.

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள். நல்ல கோடைக்காலம். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் சரளை தோண்டிய ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. தோண்டி வெளியே கொட்டிய சரளையில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகத் தட்டி, ஓரம் கூராக்கி, கைக்கு அடக்கமாகச் செய்த கல் அது. பழைய கற்கால மனிதனின் கைக்கோடாரி! அப்போது அவருக்கு வயது 28 தான். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்தக் கல்லால்தான். அதனால்தான் அவரை இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்கிறோம். எத்தனையோ பேர் மிதித்துப் போன சரளைதான் அது. அவர் ஒருத்தர்தான் குனிந்து பார்த்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்ற அதிகாரியும் திருவள்ளூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றை ஒட்டியுள்ள அதிரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டுபிடித்தார்கள். இவையெல்லாம் குவார்ட்சைட் என்ற கல்லில் செய்தவை.

ஏன் குவார்ட்சைட்? ஐரோப்பாவில் சிக்கிமுக்கிக் கல் நிறையக் கிடைத்தது, அவர்கள் அதில் செய்தார்கள். இந்தப் பக்கத்தில் அந்தக் கல் இல்லை. மலையிலிருந்து வந்த குவார்ட்சைட் உருண்டைகள்தான் இருந்தன. மணல் இறுகி இறுகி உண்டான கல் அது. சரியான இடத்தில் அடித்தால் கண்ணாடி மாதிரி சில்லாகத் தெறிக்கும், ஓரம் கத்தி மாதிரி நிற்கும். நம்ம அம்மிக்கல்லை அப்படி அடித்தால் குருணை குருணையாகத்தான் உதிரும். அதனால் அம்மிக்கல் அரைக்க உதவும், அறுக்க உதவாது. இந்த வித்தியாசம் பள்ளிக்கூடமே இல்லாத அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தெரிந்திருக்கிறது! அந்தக் கருவியால் இறைச்சி அறுத்தார்கள், மரம் செதுக்கினார்கள், கிழங்கு தோண்டினார்கள்.

ஃபூட் காலத்தில் அவை எவ்வளவு பழசு என்று அளக்க வழி இல்லை. பின்னாளில் சாந்தி பப்பு அம்மையாரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதிரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் வெளியிட்டார்கள். கருவிகள் கிடந்த அடி அடுக்கு வெறும் களிமண். அதில் பெரிய கல் தானாகக் கிடைக்காது. அப்படியென்றால் வேறு இடத்தில் நல்ல கல்லாகப் பார்த்து உடைத்து, அங்கே தூக்கி வந்திருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஃபூட் அதோடு நிற்கவில்லை. கர்நாடகத்தில் பெல்லாரிக்குப் பக்கத்தில் குப்கல் என்ற குன்றில் புதிய கற்கால மக்கள் கோடாரி செய்த பெரிய பட்டறை இருந்ததைப் பற்றி எழுதினார். அங்கே குன்றின் நடுவே டோலரைட் என்ற கறுப்புக் கல் சுவர் மாதிரி ஓடுகிறது. அதை உடைத்து, தட்டி உருவம் கொண்டுவந்து, கொத்திச் சமன் செய்து, கடைசியில் பாறையில் வைத்துத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். தேய்த்த பள்ளங்கள் பாறையில் பதிந்து கிடக்கின்றன. காவிக்கல்லைத் தேய்த்து வண்ணமாக்கும் பழக்கமும் அவர்களுக்கு இருந்தது. இந்தக் குன்றையே நம் காலத்தில் ஜல்லிக்காக உடைத்தார்கள் என்று படித்தபோது வருத்தமாக இருந்தது.

இப்படி நானூறுக்கும் மேற்பட்ட இடங்களை ஃபூட் கண்டுபிடித்தார். எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறித்து வைத்தார். 1891-இல் ஓய்வு பெற்ற பிறகும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக வேலை செய்தார். கடைசிக் காலத்தில் நம்ம சேலம் ஏற்காட்டில் வாழ்ந்தார். தான் சேர்த்த கற்களைச் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். இன்றும் எழும்பூரில் அவர் சேகரிப்பு இருக்கிறது. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அந்தச் சேகரிப்பைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் அவர் இறந்த பிறகுதான் 1914-லும் 1916-லும் அச்சாகி வந்தது.

இப்போது நான் ஏன் இவரை எடுத்தேன் என்று சொல்கிறேன்.

எங்க அப்பா அம்மி கொத்துறவர். மிக்ஸி வந்த பிறகு அந்த வேலை குறைஞ்சு போச்சு, பாதி நாள் கல் உடைக்கப் போறார். ஜூன் மாதம் வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தாங்க. தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் கூலி என்று மட்டும் எழுதினேன். அம்மி கொத்துறவர்னு எழுதினா சிரிப்பாங்களோன்னு பயம்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி, புத்தகத்தில் இருந்த கைக்கோடாரிப் படத்தை அப்பாகிட்ட சும்மா காட்டினேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விளக்குப் பக்கம் பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் படத்து மேலே விரலை வைத்து, அடி எந்தப் பக்கம் இருந்து விழுந்திருக்கு, எந்தச் சில்லு முதலில் தெறிச்சுது, எது அதுக்கு அப்புறம்னு ஒவ்வொண்ணாகக் காட்டினார். செஞ்சவன் கை பழகின கை என்று சொன்னார். கல் நல்ல கல்லா, உள்ளே வெடிப்பு இருக்கான்னு தட்டிப் பார்த்து, சத்தத்திலேயே அவனும் கண்டுபிடிச்சிருப்பான்னு சொன்னார். அப்பா தினமும் அப்படித்தான் செய்கிறார்.

மறுநாள் இதை டீச்சரிடம் சொன்னேன். ஆராய்ச்சியாளர்களும் சில்லு தெறித்த வடுக்களை வைத்து இப்படித்தான் வரிசை கண்டுபிடிப்பாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபூட் துரை படித்த அதே எழுத்தைத்தான் எங்க அப்பாவும் படிக்கிறார். எனக்குத்தான் இத்தனை நாள் தெரியல. டீச்சரிடம் கேட்டுப் படிவத்தை வாங்கி, கூலி என்பதை அடித்துவிட்டுக் கல் தொழிலாளி என்று எழுதிக் கொடுத்தேன்.

தோழிகளே, நம்ம ஊர் ரோட்டுக்குக் கொட்டுகிற சரளையிலோ ஏரிக்கரையிலோ இரண்டு பக்கமும் செதுக்கின மாதிரி கல்லைப் பார்த்தால் தூக்கி எறியாதீங்க. வீட்டுக்கும் எடுத்துப் போகாதீங்க. கிடந்த இடம் தெரியாவிட்டால் அந்தக் கல்லின் கதை பாதி போய்விடும். இடத்தை நல்லா பார்த்து வைத்து, வந்து டீச்சரிடம் சொல்லுங்க. முதலில் குனிந்து பாருங்க, அது போதும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி