புழுதி நாட்டின் பாடகர்

நாட்டுப்பாடல்களை முதலில் பாடியவர் யாவர் என்று அறிதல் அரிது. அவை தலைமுறைதோறும் வாய்வழியாக வருவன. பாடுவோர்க்கேற்பச் சொல்லும், இடத்திற்கேற்பப் பொருளும் மாறினும், மெட்டு மட்டும் நெடுங்காலம் நிலைத்து நிற்கும். அத்தகைய மெட்டுகளைத் துணையாகக் கொண்டு, தம் காலத்து ஏழை உழவரின் துன்பத்தைப் பாடி இசைத்தட்டில் பதித்தவர் அமெரிக்கப் பாடகர் வுடி கத்ரி.

அவர் 1912ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள், ஒக்லகோமா மாநிலத்தில் ஒக்கீமா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வாண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற உட்ரோ வில்சனின் பெயரையே பெற்றோர் அவருக்கு இட்டனர். அது வழக்கில் வுடி எனக் குறுகிற்று. தந்தையார் நிலம் வாங்கி விற்பவர். அன்னையார் நோரா பழங்கதைப் பாடல்கள் பல அறிந்தவர். பிள்ளைக்கு இசைச்செல்வத்தை முதலில் வழங்கியவர் அவரே.

அக்குடும்பத்தைத் தீயூழ் தொடர்ந்தது. 1919இல் தமக்கை கிளாரா தீப்பட்டு இறந்தாள். நரம்பையும் மனத்தையும் சிதைக்கும் கொடிய பரம்பரை நோய் அன்னையாரைப் பற்றியது. அந்நோயின் இயல்பை அறியாத அயலார் அவரைப் பித்தர் என்று ஒதுக்கினர். 1927இல் அவர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். இளமையிலேயே வீடிழந்த கத்ரி, டெக்சாஸ் மாநிலத்துப் பாம்பா நகரில் இருந்த தந்தையாரிடம் சென்று சேர்ந்தார். ஆங்குத் தம் சிற்றப்பனிடம் கித்தார் வாசிக்கப் பயின்றார்.

பாம்பாவைச் சூழ்ந்த சமவெளி ஒருகாலத்தில் புல்வெளியாக இருந்தது. புல்லின் வேர்களே அம்மண்ணைப் பிணித்து வைத்திருந்தன. முதல் உலகப்போரின்போது கோதுமை விலை ஏறவே, புல்வெளியையெல்லாம் உழுது விளைநிலமாக்கினர். 1930க்குப் பின் மழை பொய்த்தது, பயிர் கருகியது, பற்றுக்கோடற்ற மண்ணைக் காற்று வாரிக்கொண்டு சென்றது. 1935ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை எழுந்த புழுதிப்புயல் கரிய மலைபோல் வந்து பகலை இரவாக்கிற்று. உலக முடிவு வந்துவிட்டதென்று அஞ்சிய ஊரார் ஒருவரிடம் ஒருவர் விடைபெற்றுக் கொண்டனர். அக்காட்சியிலிருந்து கத்ரியின் புகழ்பெற்ற பாட்டொன்று பிறந்தது. சாவை எதிர்நோக்கிய அந்நேரத்தையும் அவர் நகைச்சுவை குன்றாமல் பாடியிருப்பது வியத்தற்குரியது.

நிலமிழந்தோர் மேற்கே கலிபோர்னியா நோக்கிப் பெயர்ந்தனர். கத்ரியும் அவ்வழியே சென்றார். மனைவி மக்களை நெடுநாள் பிரிந்து திரிந்த குறை அவரிடம் இருந்தது; அதனை மறைத்தல் தகாது. 1936இல் கலிபோர்னிய எல்லையில் காவலர் நின்று கைப்பொருள் இல்லாதோரைத் திருப்பி அனுப்பினர். இது குறித்தும் அவர் ஒரு பாட்டு இயற்றினார். மேலைநாட்டுச் சுரங்களின் முதல் மூன்று பெயர்களே, நம் ச, ரி, க போன்றவை, அந்நாட்டுப் பேச்சுவழக்கில் பணத்தையும் குறிக்கும். அவ்விருபொருளையும் வைத்து, காசில்லாதவன் அத்திருநாட்டில் கால்வைக்க இயலாது என்று எள்ளிப் பாடினார்.

தோட்டங்களை அடுத்த குடியிருப்புகளில், கிழிந்த கூடாரங்களின்கீழ் ஏழைத் தொழிலாளர் ஒரு சமயப்பாட்டைப் பாடக் கேட்டார். இவ்வுலகம் நம் வீடன்று, விண்ணுலகமே வீடு என்பது அதன் கருத்து. பசித்தோரைப் பொறுத்திருக்கச் செய்யும் அக்கருத்து அவருக்கு உடன்பாடாகவில்லை. மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினார். உழைத்தும் இவ்வுலகில் தங்க ஒரு வீடில்லையே என்னும் முறையீடாக அது உருமாறிற்று.

1940இல் அவர் நியூயார்க் சென்றார். நாட்டுப்பாடல்களைத் திரட்டிவந்த ஆலன் லோமாக்ஸ் அவரது பாட்டின் அருமையை உணர்ந்து, மார்ச்சுத் திங்களில் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்திற்காக அவர் பாட்டையும் பேச்சையும் பதிவு செய்தார். அடுத்து விக்டர் இசைத்தட்டு நிறுவனம் கத்ரியை அழைத்தது. ஏப்பிரல் 26ஆம் நாளும் மே 3ஆம் நாளும் நியூஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில் பதிவு நடந்தது. பக்கவாத்தியக் குழு ஏதுமில்லை. கித்தாரும் மவுத் ஆர்கனுமே துணை. குரலுக்கு மெருகேற்றாமல், ஊரில் பாடுவதுபோலவே பாடினார்.

அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களே ஒலிக்கும். தட்டுகளை உறையிலிட்டுப் புத்தகம்போல் கட்டி விற்றமையால் அத்தொகுப்பிற்கு ஆல்பம் என்னும் பெயர் ஏற்பட்டது. கத்ரியின் பாடல்கள் மும்மூன்று தட்டுகள் கொண்ட இரு தொகுப்புகளாக அவ்வாண்டே வெளிவந்தன. முன்னரே மக்களிடையே வழங்கிய பாட்டும் அவற்றுள் உண்டு. பழைய மெட்டில் புதுச்சொல் அமைந்தனவும் உண்டு. ஜான் ஸ்டைன்பெக், நிலமிழந்த குடும்பமொன்றைப் பற்றி 1939இல் எழுதிய பெருநாவலின் கதையைக் கத்ரி ஒரே பாட்டில் அடக்கினார். பழங்கதைப் பாடலொன்றின் மெட்டிலமைந்த அப்பாட்டு 17 பத்திகளாக நீண்டமையால், ஒரு பக்கத்தில் அடங்காது இரு பக்கங்களைக் கொண்டது. இடமின்மையால் வேறு இரு பாடல்கள் விடுபட்டன.

தொகுப்புகள் மிகுதியாக விற்கவில்லை. எனினும் கத்ரி பாடுவதை விட்டாரல்லர். 1941இல் கொலம்பியா ஆற்று மின்திட்டத்திற்காக ஒரு திங்களில் 26 பாடல்கள் இயற்றினார். இரண்டாம் உலகப்போரில் வணிகக் கப்பலில் பணிபுரிந்தார்.

1952இல் அவருக்கு ஹண்டிங்டன் நோய் என்று மருத்துவர் கண்டனர். அன்னையாரை வாட்டிய அதே நோய் அது. நடை தளர்ந்தது, பேச்சுக் குழறியது, தீவிபத்தொன்றில் கை வெந்து, கித்தார் வாசிப்பதும் நின்றது. எஞ்சிய ஆண்டுகளின் பெரும்பகுதி மருத்துவமனைகளில் கழிந்தது. ஆயினும் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த இளைஞர் அவரைத் தேடி வந்தனர். 1961இல் வந்த பாப் டிலன் என்னும் இளம்பாடகர், அவர் இயற்றிய பாடல்களை அவர் முன்னிலையிலேயே பாடிக் காட்டினார்.

1964இல் புழுதி நாட்டுப் பாடல்கள் நெடுந்தட்டாக மீண்டும் வெளிவந்தன. முன்னர் விடுபட்ட இரு பாடல்களும் அதில் சேர்க்கப்பெற்றன. தம்மால் இனிப் பாடவியலாத அப்பாடல்கள் பிறர் நாவில் வழங்கிக்கொண்டிருக்க, 1967ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள், தம் 55ஆம் வயதில், நியூயார்க் நகர மருத்துவமனையொன்றில் கத்ரி உயிர் நீத்தார்.