வில்லியம் மார்ட்டன்

1846ஆம் வருஷத்திற்கு முன்னர் இரணவைத்தியம் என்பது மிகக் கொடிய காட்சியாயிருந்தது. நோயாளியை நாலைந்துபேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் அலற அலற, வைத்தியர் விரைந்து அறுப்பதே வழக்கம். இக்கொடுமையை நீக்கியவருள் முதன்மையாகப் பேசப்படும் வில்லியம் மார்ட்டன் என்பாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம். வைத்தியத் தொழிலை நாடும் நம் மாணாக்கர் அறியவேண்டுவதொன்று அதன்கண் உளது.

மார்ட்டன் 1819ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 9ஆம் தேதி அமெரிக்காவில் மாசாசூஸெட்ஸ் மாகாணத்துச் சார்ல்ட்டன் என்னும் ஊரிற் பிறந்தனர். பல்வைத்தியம் பயின்று பாஸ்டன் நகரிற் தொழில் நடத்தினர். செயற்கைப் பற்களை நன்கு பொருத்துதற்குப் பழைய வேர்களைப் பிடுங்க வேண்டியிருந்தது. அந்நோவுக்குப் பலர் அஞ்சினமையால் அதனைப் போக்கும் வழியை அவர் நாடினர். அவருடைய முன்னைக் கூட்டாளியாகிய ஹொரேஸ் வெல்ஸ் 1845ஆம் வருஷத்தில் ஒருவகை வாயுவைக்கொண்டு பாஸ்டனிற் செய்துகாட்டிய சோதனை தவறிப்போக, கண்டோர் நகைத்தனர். மார்ட்டனோ, சார்ல்ஸ் ஜாக்ஸன் என்னும் இரசாயன நூல் வல்லாரை உசாவி, ஈதர் என்னும் திரவத்தின் ஆவியைக் கையாண்டு, 1846 செப்டம்பர் 30ஆம் தேதி ஒருவருடைய பல்லை நோவின்றிப் பிடுங்கினர்.

அக்டோபர் 16ஆம் தேதி மாசாசூஸெட்ஸ் பொது வைத்தியசாலையில், முதுபெரும் இரணவைத்தியராகிய வாரன், மார்ட்டன் மயக்கிய ஓர் இளைஞனுடைய கழுத்துக் கட்டியை அறுத்தனர். அலறல் எழவில்லை. நகைக்க வந்தோரும் வியந்து நின்றனர்.

இங்ஙனம் உலகத்துக்கு ஒரு பேருதவி கிடைத்த அப்பொழுதே பொருளாசையும் உட்புகுந்தது. மார்ட்டன் தம் மருந்து இன்னதென்று சொல்லாது, 'லீதியான்' என்று புதுப்பெயர் புனைந்து, அதன்மேற் தனியுரிமைப் பட்டயம் பெற முயன்றனர். மறைமருந்தை நோயாளிக்கு ஊட்டுதல் தம் தொழிலறத்துக்கு மாறென்று வைத்தியசாலையார் தயங்கினமையின், ஏறக்குறைய மூன்று வாரம் அங்கு அது வழங்கப்படாதிருந்தது. நவம்பர் 7ஆம் தேதி, கால் துண்டிக்கப்படவேண்டிய ஓர் இளம்பெண் காத்திருந்தாள். மருந்து இன்னதென்று வெளியிட்டாலன்றி அதனை ஏற்கோமென்றனர் வைத்தியர். மார்ட்டன் அது ஈதரே என்று ஒப்புக்கொண்டனர். அப்பெண் நோவறியாமற் பிழைத்தாள். அவ்விரு திறத்தாருள் ஒரு திறத்தார் இணங்காதிருப்பின், அவள் பட்டிருக்கும் பாட்டை நினைத்தலும் அரிது.

நவம்பர் 12ஆம் தேதி பட்டயம் கிடைத்தது. ஆயினும் பயன் யாது? ஈதர் எங்கும் விற்கும் பழைய சரக்காதலின் உரிமைப்பணம் கொடுப்பார் அரியராயினர். அமெரிக்க இராணுவமும் பணம் கொடாமலே அதனை வழங்கிற்று. ஒருலட்சம் டாலர் வெகுமதி வேண்டி அவர் சட்டசபைக்குப் பன்முறை விண்ணப்பித்தும் கிட்டவில்லை. கண்டுபிடிப்புத் தமதென்று வெல்ஸும் ஜாக்ஸனும் வழக்காடினர். ஜார்ஜியா மாகாணத்து லாங் என்னும் வைத்தியர் 1842ஆம் வருஷத்திலேயே ஈதரை வழங்கியிருந்தும் 1849 வரை அச்சிடாதிருந்தமையும் பின்னர் வெளிப்பட்டது. வெல்ஸ் 1848இற் தற்கொலை செய்துகொண்டனர். 1862இல் நீதிமன்றம் பட்டயம் செல்லாதென்று தீர்த்தது. மார்ட்டன் தொழிலையும் செல்வத்தையும் இழந்து, 1868 ஜூலை 15ஆம் தேதி நியூயார்க்கு நகரில் தமது 48ஆம் வயதில் இறந்தனர்.

அவரை நாம் வெறுக்கத் துணியோம். 1864ஆம் வருஷத்து உள்நாட்டுப் போரில் அவர் தாமே முன்வந்து, காயமுற்ற வீரர் பலருக்குத் தம் கையால் ஈதர் கொடுத்தனர். பட்டயம் பெற்றவரும் படைவீரரருகே நின்றவரும் ஒருவரே. நம் நெஞ்சிலும் அவ்விருவரும் குடியிருத்தல் கூடும்.

நல்ல சமாரியன் சத்திரக்காரனுக்குப் பணங்கொடுத்தனன். ஆதலின் நோயாளியைப் பேணுவோர் கூலி பெறுதல் குற்றமன்று. வருந்துவோனுக்கும் அவன் ஆறுதலுக்கும் நடுவே இலாபம் குறுக்கிடும்பொழுதே அறம் கெடுகின்றது. 1847இற் கூடிய அமெரிக்க வைத்திய சங்கத்தார், மருந்தின்மேற் பட்டயம் பெறுதல் வைத்தியர்க்கு இழுக்கென்று தம் ஒழுக்க நூலில் விதித்தனர். அவ்விதி பின்னர்த் தளர்ந்தது. அது தோன்றுதற்கு ஏதுவாயிருந்த கேள்வி தளரவில்லை. தேவையற்ற சோதனைக்குப் பங்குப்பணம் பெறும் இக்காலத்து வைத்தியர்முன்னும் அதுவே நிற்கின்றது. நம் கல்லூரியினின்று வைத்தியராகச் செல்லும் மாணாக்கர், நவம்பர் 7ஆம் தேதி காத்திருந்த அப்பெண்ணை மறவாதிருப்பாராக.